ஸ்டேஷனைச் சுற்றி 500 மீட்டர்: வாசகர் கேள்வி–பதில்

சமயபுரம்–வயலூர், துவாக்குடி–பஞ்சப்பூர் என்று திருச்சிக்கு இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் ஆராயப்பட்ட செய்தி வந்ததிலிருந்து டெல்டா வாசகர்களின் கடிதங்கள் நிற்கவே இல்லை. ரயில் எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு இந்த இதழில் பதில் கிடையாது. வந்தால் ஸ்டேஷனைச் சுற்றி ஊர் எப்படி அமைய வேண்டும், நிலத்துக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கே இந்தப் பக்கங்கள்.

ஸ்டேஷன் வந்தால் கடையும் வீடும் தானாகவே வந்துவிடும். அதற்கென்று தனியாக ஒரு திட்டம் எதற்கு? 500 மீட்டர், 800 மீட்டர் என்று வட்டம் போடுகிறார்களே, அது என்ன கணக்கு?
— வாசகர், கே.கே. நகர், திருச்சி

தானாக வரும் என்று நம்பி விட்டதன் பலனைச் சென்னையின் பறக்கும் ரயிலில் பார்க்கலாம். 1995இல் கடற்கரை–சேப்பாக்கம், 1997இல் மயிலாப்பூர், 2007இல் வேளச்சேரி என்று பாதை நீண்டது. ஸ்டேஷன்களைப் பெரிய பெரிய கட்டிடங்களாக எழுப்பினார்கள். சுற்றியுள்ள நிலத்தை என்ன செய்வது, பஸ் எங்கே நிற்கும், தெருவிலிருந்து ஆள் எப்படி உள்ளே வருவார் என்பதைக் கூடவே முடிவு செய்யவில்லை. பல ஸ்டேஷன்களில் மேல்தளங்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தன. ரயில் வந்துவிட்டது, ஸ்டேஷன் வாசலைத் தாண்டிய முதல் சில நூறு மீட்டர் கவனிப்பாரற்றுப் போனது.

வட்டத்தின் கணக்கு எளிது. சாதாரணமாக நடப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர் போவார். 400 மீட்டர் என்றால் 5 நிமிடம், 800 மீட்டர் என்றால் 10 நிமிடம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுக் கொள்கையும் 500 முதல் 800 மீட்டர் வரையிலான பகுதியைத்தான் ஸ்டேஷனின் தாக்கப் பகுதி என்கிறது. 500 மீட்டர் ஆரத்துக்குள் 78.5 ஹெக்டேர், அதாவது சுமார் 194 ஏக்கர் நிலம் இருக்கும். 800 மீட்டர் ஆரம் என்றால் 201 ஹெக்டேர்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வரைபடத்தில் காம்பஸ் வைத்துப் போடும் வட்டம் காக்கை பறக்கும் தூரம். மனிதர் தெருவழியாகத்தான் போக முடியும். முட்டுச்சந்துகளும் நீள நீளமான காம்பவுண்டுச் சுவர்களும் உள்ள பகுதியில், நேர்க்கோட்டில் 100 மீட்டர் போக 140 மீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். அப்படியானால் 500 மீட்டர் நடந்து எட்டக்கூடிய ஆரம் 357 மீட்டராகக் குறைந்துவிடும், நிலப்பரப்போ 40 ஹெக்டேர்தான். ஒரு கல்கூடப் பெயராமல் ஸ்டேஷனின் பயன் பாதியாகிறது. இதற்கு மாற்று பெரிய சாலை அல்ல. 80–100 மீட்டருக்கு ஒன்றாக, 2 மீட்டர் அகலத்தில் நடந்தும் சைக்கிளிலும் புகுந்து போகும் சந்து இருந்தால் போதும். ஆனால் அந்தச் சந்தை மனை பிரிக்கும்போதே விட்டாக வேண்டும். வீடு கட்டிய பிறகு யாரும் இடம் தரமாட்டார்கள்.

லைட் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் என்ன வேறுபாடு? தஞ்சாவூர் அளவு ஊருக்கு எது பொருந்தும்?
— வாசகி, தஞ்சாவூர்

மெட்ரோ பெரும்பாலும் தூண்மேலோ சுரங்கத்திலோ ஓடும். லைட் ரயில் முடிந்த இடமெல்லாம் தரையிலேயே, சாலை நடுவில் தனக்கென ஒதுக்கிய பாதையில் ஓடும். இந்தியாவில் இதற்கு 'மெட்ரோலைட்' என்று பெயரிட்டு 2019இல் மத்திய அரசு தர விதிகளை வெளியிட்டது. மூன்று பெட்டிகள், சுமார் 300 பேர், அதிகபட்சம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 2,000 முதல் 15,000 பேர் வரை பயணிக்கும் தடங்களுக்கு இது. 6 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால் மணிக்கு 10 வண்டி, 3,000 பேர்.

தஞ்சாவூருக்குப் பொருந்துமா என்பதை முதலில் சாலையின் அகலத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் சேர்த்து 7.5 மீட்டர், நிறுத்தம் உள்ள இடத்தில் பிளாட்பாரத்துக்கு 3 மீட்டர், இருபுறமும் வண்டிகளுக்குத் தலா 6 மீட்டர், நடைபாதைக்குத் தலா 2.5 மீட்டர். கூட்டினால் 27.5 மீட்டர், ஏறத்தாழ 90 அடி. கோட்டை அகழிக்கு உட்பட்ட பழைய தஞ்சாவூரில் அதற்கு இடமே இல்லை. புறவழிப் பக்கமாகப் பாதையைத் தள்ளினால் அங்கே ஏறி இறங்க ஆள் இருக்காது. இந்த அளவுள்ள ஊருக்கு முதலில் தேவை அடிக்கடி ஓடும் பஸ்ஸும் ஏற்கெனவே இருக்கும் ரயில்வே ஸ்டேஷனைச் சுற்றிய ஒழுங்கும்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் சொல்லும் அத்தனையும் பஸ் நிலையத்துக்கும் பொருந்தும்.

பஞ்சப்பூர்ப் பக்கம் மனை விற்கிறார்கள். 'வரப்போகும் ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்' என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், மணிகண்டம்

நோட்டீஸில் இருக்கும் 5 நிமிடம் பெரும்பாலும் காரில் போகும் 5 நிமிடம். நீங்களே நடந்து பாருங்கள். நடுவில் தேசிய நெடுஞ்சாலை குறுக்கிட்டால், அதை எங்கே கடப்பது என்பதையும் சேர்த்து நேரம் பாருங்கள். அடுத்தது, ஆய்வறிக்கையில் ஒரு நிறுத்தத்தின் பெயர் இருப்பதால் அது அங்கேதான் வரும் என்று ஆகிவிடாது. விரிவான திட்ட அறிக்கை, அரசு ஒப்புதல், நில எடுப்பு அறிவிப்பு என்ற மூன்றும் முடியும் வரை நிறுத்தங்கள் நகரும், சில கைவிடப்படும். எனவே ரயில் வராவிட்டாலும் இந்த விலை தருவேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பஸ் முனையம் 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டு இப்போது பஸ்கள் ஓடுகின்றன. கண்ணெதிரே இருக்கும் அந்த வசதியை வைத்து விலை பேசுவது வேறு, காகிதத்தில் இருக்கும் ஸ்டேஷனை வைத்துப் பேசுவது வேறு.

ஆவணங்களில் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் ஆகியவற்றை எல்லோரும் கேட்பார்கள். 2016 அக்டோபர் 20க்குப் பிறகு அனுமதியின்றிப் பிரித்த மனையைப் பதிவு செய்ய முடியாது என்பதும் பலருக்குத் தெரியும். கேட்காமல் விடுபவை இவை:

கிராம வரைபடத்தையும் புல எண் வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கு) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லே-அவுட்டுக்குள் வாய்க்கால் புறம்போக்கோ வண்டிப்பாதையோ ஓடுகிறதா என்று பாருங்கள். லே-அவுட் வரைபடத்தில் '30 அடி சாலை' என்று காட்டியது பழைய வடிகாலாக இருக்கலாம். சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டு, பத்திர எண்ணை வாங்குங்கள். கொடுக்காமல் இருந்தால் நாளைக்குத் தெருவிளக்குக்குக்கூட அலைய வேண்டிவரும். கோயில், மடத்து நிலம் என்றால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. டெல்டாவில் இது அடிக்கடி வரும் சிக்கல்.

பிறகு மட்டம். பக்கத்துச் சாலையைவிட மனை எவ்வளவு பள்ளம் என்று ரசமட்டக் குழாய் வைத்துப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதை 3 அடி உயர்த்த 1,307 கன அடி மண், அதாவது 13 யூனிட். 5 சென்ட் மனைக்கு 65 யூனிட். அமுங்குவதற்குக் கால் பங்கு கூட்டினால் 80 யூனிட்டைத் தாண்டும். 3 யூனிட் டிப்பரில் 27 நடை. விலை பேசும்போது இந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். நஞ்சை மண்ணின் மேல் கொட்டிய மண் ஒரு மழைக்காலமாவது கிடந்து அமுங்க வேண்டும். அஸ்திவாரம் கொட்டிய மண்ணில் நிற்கக் கூடாது, அதைத் தாண்டிப் பழைய தரைக்குக் கீழே உறுதியான மண் வரை போக வேண்டும். களிமண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். ஜன்னல் மூலையில் குறுக்காக ஓடும் விரிசலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்டேஷனைச் சுற்றி அடுக்குமாடி கட்டுவதுதான் இந்தத் திட்டமா? கும்பகோணத்தில் கோயில் கோபுரத்தை மறைக்கும்படி கட்டிடம் எழுந்தால் ஊர் என்ன ஆவது?
— வாசகி, கும்பகோணம்

உங்கள் கவலை நியாயமானது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை, அதற்கடுத்த 200 மீட்டர் அனுமதி பெற்றே கட்ட வேண்டிய பகுதி. தாராசுரம் போன்ற இடங்களில் ஸ்டேஷன் திட்டம் போடுகிறவர் முதலில் குறிக்க வேண்டிய கோடு இது.

ஆனால் உயரமும் நெருக்கமும் ஒன்றல்ல. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டிட விதிகளில், உயர்மாடி அல்லாத கட்டிடத்துக்கு அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி. இந்த 2ஐயே டெல்டா ஊர்களில் பலர் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. அப்படியிருக்க, குறியீட்டை மட்டும் இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் உடனடியாக உயர்வது நிலத்தின் விலை. வீடுகளின் எண்ணிக்கை உயரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கும்பகோணத்தின் பழைய தெருவையே கணக்கில் எடுத்துக்கொள்வோம். 20 அடி முகப்பு, 80 அடி நீளம், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. மனை 1,600 சதுர அடி, சுமார் 149 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் தெரு, வடிகால், பொது இடம் என்று 40 சதவீதம் போக 6,000 சதுர மீட்டரில் 40 மனைகள் வரும். தரைத்தளமும் இரண்டு மாடியுமாக, மாடிக்கு ஒரு குடும்பம் என்றால் ஹெக்டேருக்கு 120 வீடுகள். 500 மீட்டர் வட்டத்தில் பாதி நிலத்தில் மட்டும் இப்படி அமைந்தாலும் 4,700 வீடுகள், ஏறக்குறைய 19,000 பேர். லிஃப்ட்கூட வேண்டாம். இதற்கு விதிகளில் 'தொடர் கட்டிடப் பகுதி' என்று அறிவிக்க வழி இருக்கிறது, பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. மனையைச் சுற்றி நாலு பக்கமும் 5 அடி விடச் சொல்லும்போதுதான், வீட்டுக்கும் பயன்படாமல் தெருவுக்கும் பயன்படாமல் குப்பை சேரும் சந்துகள் உண்டாகின்றன.

ஸ்டேஷனுக்கு நெருக்கமாக நிறையப் பேர் குடியிருப்பதை டெல்டாவில் நாங்கள் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதே 4,700 வீடுகளை 5 சென்ட் மனைகளாக ஊருக்கு வெளியே விரித்தால், வீட்டடி மட்டும் 235 ஏக்கர். சாலையும் சேர்த்தால் 390 ஏக்கர் நஞ்சை போய்விடும். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். ஹைட்ரோகார்பன் போன்ற பட்டியலிட்ட தொழில்களைத் தடுக்கும் சட்டம் அது, மனை பிரிப்பதைத் தடுக்காது. வயலைக் காப்பாற்ற வேண்டுமானால் ஊருக்குள் இடம் கொடுத்தாக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடைபாதை போட்டுத்தான் இருக்கிறார்கள். ஒருவரும் அதில் நடப்பதில்லை. மக்கள் மேல் தவறா, பாதை மேல் தவறா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பாதை மேல்தான். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நாலு அளவு எடுத்தால் தெரிந்துவிடும்.

முதல் அளவு, தடையில்லாத அகலம். சாலைகளுக்குத் தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது. கடைத்தெருவில் 2.5 மீட்டர். ஒப்பந்தப் புத்தகத்தில் 1.8 என்று இருக்கும். அதில் டிரான்ஸ்ஃபார்மர் 1 மீட்டரை எடுத்துக்கொள்ளும், கடைப்படி 60 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 20 சென்டிமீட்டரில் யார் நடப்பார்? அளக்க வேண்டியது மிகக் குறுகலான இடத்தைத்தான், சராசரியை வைத்து ஒன்றும் ஆகாது.

இரண்டாவது உயரம். சாலையிலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் நடைபாதை வடிகாலின் மேல்மூடியாகவே இருப்பதால் ஒரு முழம்கூட இருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி ஏற வெட்டிவிடுவார்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கி, பத்தாவது வாசலில் முழங்கால் கெஞ்சும், ஆள் சாலையில் இறங்கி நடந்துவிடுவார். சரிவுக்கு 1க்கு 12 என்பது கணக்கு, 150 மில்லிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். வாசலுக்கு வாசல் நடைபாதையைத் தாழ்த்தாமல் மட்டம் மாறாமல் ஓடவிட்டு, வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். பக்கத்தெரு சேரும் இடத்திலும் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் வண்டியின் வேகமும் தணியும்.

மூன்றாவது, மூடிக்கல். தூர் வாரத் தூக்கிய கல்லைத் திரும்பப் பொருத்தும்போது ஒரு விரற்கடை தூக்கி நிற்கும், அல்லது ஒரு மூலை ஆடும். இருட்டில் கால் இடறுவது அங்கேதான். கல்லை 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளமில்லாமல் வார்த்து, இரண்டு தூக்குக் கொக்கியை உள்ளே அமிழ்த்தி வைத்தால் இரண்டு ஆள் தூக்கி உடையாமல் வைக்கலாம். பெரிய கல்லைக் கடப்பாரையால் நெம்புவதால்தான் ஓரம் சிதைகிறது.

நாலாவது நிழல். சித்திரையில் நிழல் இல்லாத 400 மீட்டரை நடக்கச் சொல்வது கொடுமை. 6 முதல் 8 மீட்டருக்கு ஒரு மரம், அதற்கு 1.2 மீட்டர் சதுரக் குழி, குழியின் மேல் சிமென்ட் பூசாமல் மண்ணாகவே விடுவது. டெல்டா ஈரத்துக்குப் புங்கனும் பூவரசும் நன்றாக வரும், மேட்டு நிலத்தில் வேம்பு.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், சாலையைச் சுரண்டாமல் ஒவ்வொரு தடவையும் தார் மேல் தார் போட்டால் சில ஆண்டுகளில் சாலை நடைபாதையைத் தாண்டிவிடும். அப்புறம் மழைத்தண்ணீர் வீட்டுக்குள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும் ரயில்வே சுரங்கப்பாதை ஐப்பசி, கார்த்திகையில் குளமாகிவிடுகிறது. மோட்டார் வைத்தும் பயனில்லை. புதிதாகப் பாதை போட்டாலும் இதே கதிதானா?
— வாசகர், திருவாரூர்

வடிவமைப்பில் கவனித்தால் அந்தக் கதி வராது. சுரங்கப்பாதையின் இருபுறச் சரிவும் தலா 60 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால் திறந்தவெளிப் பரப்பு 600 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 36,000 லிட்டர், நொடிக்கு 10 லிட்டர் இறைக்கும் ஒரு மோட்டார் சமாளித்துவிடும். பிறகு ஏன் மூழ்குகிறது? அந்த 600 சதுர மீட்டரில் விழுந்த மழை மட்டும் உள்ளே வருவதில்லை. தெருத்தண்ணீர் முழுக்க அங்கே வழிகிறது. எனவே முதல் வேலை, சரிவு தொடங்கும் இடத்தில் சாலையைக் குறுக்கே மேடாக்குவது. அந்த இடத்தில் இதுவரை நின்ற அதிகபட்ச வெள்ள மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பழைய கட்டிடச் சுவர்களில் இருக்கும் வெள்ளக் கறையைப் பார்த்தாலே மட்டம் கிடைத்துவிடும். அடுத்து, சரிவின் மேல் கூரை. தகரக் கூரை போட்டாலே மோட்டாரின் வேலை மிகவும் குறைந்துவிடும்.

மோட்டார் ஒன்று போதாது, ஒரே திறனில் இரண்டு, மாறி மாறி ஓட. மழையில் முதலில் போவது கரண்ட். எனவே டீசல் ஜெனரேட்டரும் சுவிட்ச் பெட்டியும் வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். பல இடங்களில் பெட்டியைப் பாதைக்குள்ளேயே மாட்டியிருப்பார்கள், தண்ணீர் ஏறியதும் அதுவே அணைந்துவிடும். இறைத்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். பக்கத்துப் பாசன வாய்க்காலில் விட்டால் பயனில்லை. டெல்டாவில் பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும், வடிகால் பள்ளத்தில் ஓடும். மழைக்காலத்தில் பாசன வாய்க்கால் நிரம்பி இருக்கும்போது அதில் ஏற்றிய தண்ணீர் கரை கசிந்து திரும்பவும் உங்களிடமே வரும். வடிகாலைத் தேடிக் குழாய் கொண்டுபோக வேண்டும்.

புதிய பாதை போடும்போது இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தரையில் ஓடும் ரயில் பாதையின் மண்மேடு வயல்வெளிக்குக் குறுக்கே அணையாகிவிடும். 100 மில்லிமீட்டர் மழையில், ஸ்டேஷனைச் சுற்றிய 78.5 ஹெக்டேரில் மட்டும் 7.85 கோடி லிட்டர் தண்ணீர் விழும். மேட்டின் கீழே எத்தனை மதகு இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, அதன் அடிமட்டம் வடிகாலின் அடிமட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அரை அடி உயர்ந்துவிட்டால் அந்த அரை அடித் தண்ணீர் மேட்டுக்கு அந்தப் பக்கம் நாற்றை அழுகவைத்துவிடும். சென்னையில் போடும் மழைநீர்ச் சேகரிப்புக் குழியை அப்படியே இங்கே போடுவதிலும் அர்த்தமில்லை. நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும் களிமண்ணில் தண்ணீர் இறங்காது. இங்கே வேண்டியது குளம். ஊருக்குள் இருக்கும் பழைய குளங்களின் வரத்து வாய்க்காலையும் போக்கு வாய்க்காலையும் திறந்துவிடுவதுதான் ஸ்டேஷன் பகுதிக்கு முதல் வேலையாக இருக்க வேண்டும். அடுக்குமாடி அனுமதி அதற்குப் பிறகு.

ஸ்டேஷன் எதிரே பெரிய பார்க்கிங் கட்டினால் சுற்று ஊர்க்காரர்களும் வருவார்களே?
— வாசகர், மயிலாடுதுறை

ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். ஒரு ஏக்கரில் 150 கார், அதாவது காலையில் வந்து மாலையில் எடுக்கும் 150 பேருக்குச் சற்று மேல். அதே ஒரு ஏக்கரில் பைக் 1,300 நிற்கும். வீடாகக் கட்டினால் 48 குடும்பம், கடையும் பள்ளியும் என்றால் நாள் முழுக்க ஆள். வாசலுக்கு மிக அருகில் இருக்கும் நிலம் விலைமதிப்பற்றது, அதைக் காருக்குக் கொடுக்காதீர்கள். வாசலிலிருந்து முதலில் நடப்பவர், அடுத்து சைக்கிள், மினி பஸ், ஷேர் ஆட்டோ, இறக்கிவிட்டுப் போகும் வண்டி, பைக் ஸ்டாண்ட், கடைசியில் கார். கார் 300 மீட்டர் தள்ளி நிற்கட்டும். மினி பஸ் பிளாட்பாரத்தை ஒட்டி நிற்கட்டும்.

ஸ்டேஷன் வாசலில் பூக்கடை வைத்திருக்கிறேன். 'அழகுபடுத்துகிறோம்' என்று எங்களை அப்புறப்படுத்திவிடுவார்களா?
— வாசகி, திருவெறும்பூர்

2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடித்து விற்பனைச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மாநகராட்சியில் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, சான்றும் அடையாள அட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வைத்திருக்கும் இடத்தின் படம், தேதியோடு, கையில் இருக்கட்டும். ரயில்வேயின் சொந்த நிலத்துக்குள் இந்தச் சட்டம் செல்லாது, எனவே உங்கள் கடை வாசலுக்கு உள்ளேயா, வெளியே மாநகராட்சிச் சாலையிலா என்பது முக்கியம். திட்டம் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ரயிலிலிருந்து தனியாக இறங்கும் பெண் தைரியமாக நடந்து போவது அந்தப் பூக்கடை விளக்கு எரிவதால்தான். நடைபாதையின் சாலையோரப் பக்கத்தில் 1.5 மீட்டர் ஒதுக்கி அவர்களை அங்கேயே வைப்பதே சரி.

என் பையன் சிங்கப்பூரில் பொங்கோலில் இருக்கிறான். வீட்டிலிருந்து இறங்கினால் ரயில் என்கிறான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?
— வாசகர், மன்னார்குடி

அங்கே நிலமும் வீடும் ரயிலும் அரசின் கையிலேயே இருக்கின்றன. பொங்கோலுக்குப் பக்கத்தில் உள்ள செங்காங்கில் 2003இலும் பொங்கோலில் 2005இலும் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. பொங்கோலின் மேற்கு வளையத்தில் நிலையங்களைக் கட்டி வைத்துவிட்டு, குடியிருப்பு வந்த பிறகு 2014இல்தான் அதைத் திறந்தார்கள். அதில் டெக் லீ நிலையம் 2024 ஆகஸ்டில்தான் திறந்தது. அத்தனை ஆண்டு பொறுத்திருக்க முடிந்தது, பக்கத்து நிலமெல்லாம் அரசுடையது என்பதால்.

இங்கே ஒரு ஏக்கருக்குள் பத்துப் பட்டா. அதற்கு ஏற்ற வழி நிலத் தொகுப்பு. குஜராத்தில், குறிப்பாக அகமதாபாத்தில், நெடுங்காலமாக நடப்பது. எல்லோருடைய துண்டு நிலத்தையும் சேர்த்து, தெரு, வடிகால், பள்ளிக்கு இடம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சீரான மனையாக அவரவருக்கே திருப்பித் தருவார்கள். பரப்பு குறையும், மதிப்பு கூடும். தமிழ்நாட்டிலும் இதற்குச் சட்ட வழி வந்திருக்கிறது. ஆனால் டெல்டாவில் செய்யும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. இங்கே உழுகிறவர் ஒருவர், பட்டா வேறொருவர் பெயரில், பல இடங்களில் கோயில் பெயரிலோ மடத்தின் பெயரிலோ இருக்கும். பட்டாதாரருக்கு மனை கிடைக்கும், தலைமுறையாகச் சாகுபடி செய்த குத்தகைதாரருக்கு ஒன்றும் மிஞ்சாது. குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தால் மட்டுமே பேச இடம் உண்டு. பேச்சு தொடங்கும் முன்பே தாசில்தார் அலுவலகத்தில் அந்தப் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது அவசரம்.

எங்கள் ஊருக்கு லைட் ரயிலும் வராது, மெட்ரோவும் வராது. இதையெல்லாம் படித்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?
— வாசகர், சீர்காழி

உங்களிடம் ஸ்டேஷன் இருக்கிறதே! அதைச் சுற்றி இன்றைக்கே செய்யக்கூடியது நிறைய. டெல்டாவின் பல ஸ்டேஷன்களுக்கு வாசல் ஒரு பக்கம்தான். மறுபக்கம் குடியிருப்பவர், கண்ணுக்கு எதிரே பிளாட்பாரம் இருந்தும் லெவல் கிராசிங் வரை சுற்றிக்கொண்டு வர வேண்டும், இல்லையேல் உயிரைப் பணயம் வைத்துத் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். நடைமேம்பாலத்தைக் கடைசி பிளாட்பாரத்தோடு நிறுத்தாமல் மறுபக்கத் தெருவில் இறக்கினால், நடந்து வரக்கூடிய வீடுகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். புதிய பாதை போடுவதோடு ஒப்பிட்டால் இந்த ஒரு வேலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

வண்டிகளின் எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான தடை. தஞ்சாவூர்–விழுப்புரம் பாதை ஒற்றைப் பாதை, எதிர்வண்டிக்காகக் காத்து நிற்கும் நேரம் அதிகம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாசஞ்சர் என்றால் யாரும் அதை நம்பி வீடு பார்க்கமாட்டார்கள். இரட்டைப் பாதை வரும் வரை, ரயில் இல்லாத நேரத்தை நிரப்பும் பஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்தே கிளம்ப வேண்டும். இப்போது பல ஊர்களில் பஸ் ஸ்டாண்ட் ஒரு மூலை, ஸ்டேஷன் ஒரு மூலை.

மனு கொடுக்கும்போது வெறும் கோரிக்கையாகக் கொடுக்காதீர்கள். ஒரு வேலைநாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 8 வரையும், தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறவர்களைக் கால் மணிக்கு ஒரு முறை எண்ணி எழுதுங்கள். பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், சுமையோடு வருபவர் என்று தனித்தனிக் கட்டம். மறுபக்கத் தெரு ஐந்திலிருந்து வாசல் வரை நடந்த தூரத்தையும், பாலம் வந்தால் ஆகும் தூரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பாலத்துக்கு திருச்சி ரயில்வே கோட்ட மேலாளர், மறுபக்க அணுகுசாலைக்கும் வடிகாலுக்கும் நகராட்சி, பஸ்ஸுக்குப் போக்குவரத்துக் கழகம், பிரதான சாலையாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறை. நான்கு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் ஒரே மனு, மற்ற மூவருக்கும் நகல் அனுப்பியதைக் குறிப்பிட்டு. 'அது எங்கள் எல்லை இல்லை' என்ற பதிலோடு ஒரு கோப்பு மூடப்படாமல் இருக்க வேண்டுமானால் இப்படித்தான் செய்ய வேண்டும். பாலம் இறங்கும் இடத்தில் இருக்கும் நிலம் யாருடையது என்பதற்கு 'அ' பதிவேட்டின் நகலையும் இணைத்துவிடுங்கள். புறம்போக்காக இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி, பட்டா நிலமாக இருந்தால் மனுவுக்கு முன்பே அந்த உரிமையாளரிடம் பேசிவிடுங்கள்.